பால் கக்கும் குழந்தை: எது இயல்பு, எது ஆபத்து?

எங்கள் குழந்தை நலப் பிரிவுக்கு ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளை அழைத்து வருவோர் கேட்கும் கேள்விகளுள் அடிக்கடி கேட்கப்படுவது இது: "குடித்த பாலையெல்லாம் கக்கிவிடுகிறதே, வயிற்றில் ஏதாவது நிற்கிறதா?" பெரும்பாலும் இதைக் கேட்பவர் பாட்டியாக இருப்பார். தாய் சற்றுப் பின்னால், ஏதோ குற்றம் செய்தவரைப் போலத் தலை குனிந்து நிற்பார். குழந்தையோ தோளில் சாய்ந்தபடி, வாயோரத்தில் பால் வழியச் சிரித்துக்கொண்டிருக்கும்.

இக்கேள்விக்குப் பதில் கூறுமுன் சொற்களைப் பிரித்து அறிந்துகொள்வது நல்லது. இரைப்பையில் இருப்பது எந்த முயற்சியும் இன்றித் தானாக மேலேறி வாய்க்கு வருவது எதுக்களித்தல். அது உதட்டைத் தாண்டி வெளியே வழிந்தால் கக்குதல் என்கிறோம். வாந்தி இவற்றினின்று வேறானது. வயிற்றுத் தசைகளும் உதரவிதானமும் ஒருங்கே இறுகி, உள்ளே இருப்பதை வலிந்து வெளித்தள்ளும் செயல் அது. அதற்கு முன் குழந்தை ஓங்கரிக்கும், முகம் வெளிறும், உடலை முறுக்கும். எதுக்களித்துக் கக்கும் குழந்தைக்கு இவற்றுள் ஒன்றும் இராது. பல வேளைகளில் தான் கக்கியதையே அது அறியாது. பெற்றோர் எங்களிடம் "வாந்தி" என்று கூறுவனவற்றுள் பெரும்பகுதி உண்மையில் எதுக்களிப்பே. வேறுபாட்டைத் தாயிடம் விளக்கிக் கேட்டால், பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஏன் கக்குகிறது?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில், சுருக்குப்பையின் கயிற்றைப் போல ஒரு தசை வளையம் உள்ளது. விழுங்கும்போது அது திறந்து, பின் மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் விழுங்காத நேரங்களிலும் இவ்வளையம் சில நொடிகள் தளர்ந்து கொடுக்கும். இது பெரியவர்களுக்கும் நிகழ்வதே. உணவுக்குப் பின் நமக்கு வரும் ஏப்பம் அவ்வழியாகவே வெளியேறுகிறது. பெரியவரின் உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுடையது. அவர் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார், அவர் உண்டது பெரும்பாலும் கெட்டியான உணவு. ஆகவே காற்று மட்டுமே மேலே வருகிறது. பிறந்த குழந்தையின் உணவுக்குழாய் 8 முதல் 10 செ.மீ. நீளமே உடையது. உண்பது முழுவதும் நீர்மம். நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்கிறது. வளையம் தளரும் அந்தச் சில நொடிகளில் காற்றோடு பாலும் மேலேறிவிடுவதில் வியப்பில்லை.

அளவையும் எண்ணிப் பாருங்கள். நன்கு பால் குடிக்கும் குழந்தை, தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மி.லி. பால் அருந்துகிறது. 4 கிலோ குழந்தைக்கு இது 600 மி.லி. இதே கணக்கில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 9 லிட்டர் பால் குடிக்க வேண்டும். அதுவும் மல்லாந்து படுத்துக்கொண்டே! நம்மில் யாராயினும் கக்கிவிடுவோம்.

இதனாலேயே இது நோயன்று, வளர்ச்சியின் ஒரு கட்டம் என்கிறோம். பெரும்பாலும் பிறந்து எட்டு வாரங்களுக்குள் தொடங்குகிறது. நான்கு மாத அளவில் உச்சத்தை அடைகிறது. அவ்வயதில் மூன்றில் இரண்டு குழந்தைகள் நாளுக்கு ஒரு முறையேனும் கக்குகின்றன. குழந்தை உட்காரத் தொடங்கி, கெட்டியான உணவும் உண்ணத் தொடங்கியபின் படிப்படியாகக் குறைகிறது. பத்துக் குழந்தைகளில் ஒன்பது, ஓராண்டு நிறைவதற்குள் கக்குவதை விட்டுவிடுகின்றன. நான்காம் மாதத்தில் "முன்பைவிட அதிகமாகிவிட்டதே" என்று அஞ்சி வருவோர் பலர். அந்த வயதில் அதிகமாவதே அதன் இயல்பான போக்கு.

கக்கிய பால் தயிரைப் போலத் திரிந்து, சற்றே புளித்த வாடையுடன் வந்தால், "பால் செரிக்கவில்லை" என்று பலர் முடிவுகட்டிவிடுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. இரைப்பையின் அமிலம் பட்டவுடன் பால் திரிய வேண்டும். திரிந்தால்தான் செரிமானம் தொடங்கியுள்ளது என்று பொருள். குடித்த உடனே கக்கினால் பால் பாலாகவே வரும், அரைமணி கழித்துக் கக்கினால் தயிராக வரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நேரம் மட்டுமே. சில வேளைகளில் மூக்கு வழியாகவும் பால் வரும். தொண்டைக்குப் பின்புறத்தில் வாயும் மூக்கும் ஒன்றுகூடுவதால் அவ்வாறு நேர்கிறது. பார்ப்பதற்கு அச்சமூட்டும், ஆயினும் தும்மலோடு முடிந்துவிடும். ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் மூக்கில் பால் வருமானால் மட்டும் அண்ணத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

துணியில் எவ்வளவு, தராசில் எவ்வளவு

எங்களிடம் வருவோர் நனைந்த துணியைக் காட்டி, "பாருங்கள் டாக்டர், குடித்தது அத்தனையும் இதில்தான் இருக்கிறது" என்பர். வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு தேக்கரண்டிப் பாலை, அதாவது 10 மி.லி., ஒரு பருத்தித் துணியில் ஊற்றுங்கள். அது பரவும் அகலத்தைக் கண்டால் வியப்பீர்கள். துணியில் தெரியும் ஈரம் எப்போதும் உண்மையைப் பலமடங்கு பெரிதாக்கியே காட்டும்.

குழந்தையின் வயிற்றில் பால் நிற்கிறதா என்பதைச் சொல்ல வல்லது தராசு. பிறந்த முதல் வாரத்தில் குழந்தையின் எடை பத்து விழுக்காடு வரை குறையலாம். பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறந்தபோதிருந்த எடை திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வீதம் கூட வேண்டும். ஏறத்தாழ ஐந்து மாதத்தில் பிறந்த எடை இருமடங்காகும். தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் எடை பார்க்கச் சொல்லி, தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அக்கோடு மேல்நோக்கிச் சென்றுகொண்டிருக்குமாயின், நாளுக்குப் பத்து முறை கக்கினாலும் குழந்தைக்குத் தேவையானது சேர்ந்துகொண்டே இருக்கிறது. எடையுடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று சிறுநீர். பிறந்த முதல் வாரம் கழிந்தபின், நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குப் போதிய பால் கிடைக்கிறது.

தாயின் தலைகுனிவுக்கு வருவோம். குழந்தை கக்கும்போது நம் வீடுகளில் முதலில் ஐயத்துக்கு உள்ளாவது தாய்ப்பாலே. "உன் பால் சேரவில்லை", "பால் கெட்டியாக இல்லை", "நீ தின்றது பிள்ளைக்கு ஆகவில்லை" என்று ஆளுக்கொன்று கூறுவர். விளைவாக அத்தாய்க்குப் பத்தியம் விதிக்கப்படுகிறது. முட்டை நிறுத்தப்படுகிறது, பருப்பு நிறுத்தப்படுகிறது, பழங்கள் நிறுத்தப்படுகின்றன. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பரிந்துரை. அத்தகைய காலத்தில் ரசம் சோறும் பூண்டும் மட்டும் உண்டு இளைத்து வரும் தாய்மாரை நாங்கள் இன்றும் காண்கிறோம். அடுத்த படியில் தாய்ப்பாலே நிறுத்தப்பட்டு, டப்பாப் பாலோ நீர் கலந்த பசும்பாலோ தொடங்கப்படுகிறது.

இதைப் பற்றி எங்களுக்கு ஐயத்துக்கு இடமில்லாத கருத்து உண்டு. கக்குவது தாய்ப்பாலின் குறையால் அன்று. தாய்ப்பால் பிற பால்களைவிட விரைவாக இரைப்பையை விட்டு நீங்குவது. ஆகவே எதுக்களிக்கும் குழந்தைக்கு அதுவே ஏற்றது. அதை நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாறும் குழந்தை கக்குவதும் நிற்பதில்லை. அத்துடன் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டு எங்களிடம் வருகிறது. கக்கியதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தியதால் நலம் பெற்ற குழந்தையை விட, நிறுத்தியதால் நலம் கெட்ட குழந்தையையே நாங்கள் மிகுதியாகக் கண்டிருக்கிறோம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரதம் ஒவ்வாது. தாய் உண்ணும் பால், தயிர் முதலியவற்றின் புரதம் சிறு அளவில் தாய்ப்பால் வழியாகவும் சேரலாம். அக்குழந்தைகள் கக்குவதோடு நிற்பதில்லை. மலத்தில் சளியும் இரத்தக் கோடும் தென்படும்; தோலில் கரப்பான் தோன்றும்; எடை தேங்கும். அப்போதும் தாய்ப்பாலை நிறுத்துவதில்லை. மருத்துவரின் மேற்பார்வையில் தாய் இரண்டு முதல் நான்கு வாரங்கள் பால் பொருட்களைத் தவிர்த்துப் பார்த்து, பின்னர் மீண்டும் உண்டு உறுதிப்படுத்திக்கொள்வதே முறை. பசும்பாலுக்கு மாற்றாக ஆட்டுப்பால் கொடுப்பது பயன் தராது. இரண்டின் புரதங்களும் பெரிதும் ஒத்தவை.

கக்குவதைக் குறைக்க

முற்றிலும் நிறுத்த இயலாது, குறைக்க இயலும். அழுது களைத்த குழந்தை காற்றையும் சேர்த்தே விழுங்கும். ஆதலால் பசியின் முதல் அறிகுறியிலேயே, வாயைச் சப்புக்கொட்டிக் கையைச் சூப்பத் தொடங்கும்போதே, பாலூட்டுங்கள். முலைக்காம்பு மட்டுமன்றி அதைச் சுற்றியுள்ள கருவளையத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தடவி ஏப்பம் விடச் செய்து, பின்னர் மறுபக்கம் ஊட்டலாம். முடிந்தபின் இருபது முதல் முப்பது நிமிடங்கள் நிமிர்த்திப் பிடித்திருங்கள். ஏப்பம் வரவில்லை என்பதற்காக முதுகில் ஓங்கித் தட்ட வேண்டியதில்லை. வராவிட்டாலும் குற்றமில்லை.

பால் குடித்த உடனே தூளியில் இடுவதைத் தவிருங்கள். தூளியில் குழந்தையின் உடல் வளைந்து மடங்குவதால் வயிறு அமுங்குகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் பாலூட்டுவதற்கு முன்னரே முடித்துவிடுங்கள். குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரலை விட்டுக் "கோழை எடுக்கும்" வழக்கம் இன்னும் பல ஊர்களில் உள்ளது. அது வாந்தியைத் தூண்டுவதுடன் மெல்லிய தொண்டைச் சவ்வையும் கிழித்துவிடும். மூத்தோர் மீதுள்ள மதிப்பு எங்களுக்கும் உண்டு. ஆயினும் இந்த ஒன்றை மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

பாலாடையில் ஊட்டும்போது குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, குழந்தை தானே உறிஞ்சும் வேகத்துக்கு விட வேண்டும். படுக்கவைத்து வாயில் ஊற்றுவது புரையேறுவதற்கே வழி.

மருத்துவக் காரணங்களால் டப்பாப் பால் கொடுக்க நேர்ந்தோர் அளவைக் கவனிக்க வேண்டும். 4 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 600 மி.லி. என்றோம். எட்டு வேளைக்குப் பகிர்ந்தால் ஒரு வேளைக்கு 75 மி.லி. அக்குழந்தைக்கு வேளைக்கு 120 மி.லி. கொடுத்துவிட்டு, "கக்குகிறது" என்று வருவோர் உண்டு. கலக்கும் முறையில், டப்பாவில் அச்சிட்டுள்ள அளவை அப்படியே பின்பற்றுங்கள். கூடுதலாகத் தூளிட்டாலும் தீங்கு, நீர்க்கச் செய்தாலும் தீங்கு.

படுக்கும் முறை பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். "மல்லாக்கப் போட்டால் கக்கியது புரையேறிவிடும், குப்புறப் போடுங்கள்" என்னும் அறிவுரையைப் பலரும் கூறக் கேட்டிருப்பீர்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இக்கருத்து தவறானது. குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்குள் செல்ல வேண்டுமாயின் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழாகி, மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. அதுமட்டுமன்று. குப்புறப் படுத்துறங்கும் குழந்தைகளிடையே உறக்கத்திலேயே நேரும் திடீர் மரணம் மிகுதி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அதற்கடுத்த ஆண்டுகளில் அந்நாட்டில் இத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. கக்கும் குழந்தைக்கும் இவ்விதி மாறுவதில்லை. சமமான படுக்கையில், தலையணையின்றி, மல்லாக்கப் படுக்கவையுங்கள். ஒருக்களித்துக் கிடத்தினால் குழந்தை எளிதில் குப்புறக் கவிழ்ந்துவிடும். விழித்திருக்கும்போது நீங்கள் அருகிலிருந்து சிறிது நேரம் குப்புறக் கிடத்தி விளையாட்டுக் காட்டுவது வேறு, அது நல்லதே.

மருந்துகளைப் பற்றி ஒரு சொல். நன்றாக எடை கூடி, சிரித்துக்கொண்டு, அவ்வப்போது கக்கும் குழந்தைக்கு மருந்து தேவையில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டோம்பெரிடோன் சொட்டு மருந்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2014இலேயே அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் கக்குவதை நிறுத்துவதில்லை; வருவது புளிப்பின்றி வரும், அவ்வளவே. கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தில் ஒரு மருந்து வணிகர் தொடங்கியது. அன்றைய கலவையில் சாராயமும் சேர்ந்திருந்தது. குழந்தை அமைதியாக உறங்கியதற்கு எது காரணமாயிருந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறோம். இன்றைய புட்டிகளில் சாராயம் இல்லை, பயனும் இல்லை. வசம்பு உரைத்துக் கொடுப்போர், அளவு கூடினால் வசம்பே வாந்தியைத் தூண்டும் என்பதை அறிய வேண்டும். தேன் ஓராண்டு நிறையும்வரை நாவில் தடவவும் கூடாது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர, மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்து அல்லாத வேறொன்றும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டியதில்லை.

பீய்ச்சி அடிக்கும் வாந்தி

இனிக் கூறப்போவது எண்ணிக்கையில் சிலருக்கே நேர்வது. ஆனால் அச்சிலருக்கு நாட்களும் மணிகளும் கணக்கு.

பிறந்து இரண்டு மூன்று வாரங்கள் வரை நன்றாக இருந்த குழந்தை, அதன்பின் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் அதை ஓர் அடி, இரண்டடித் தொலைவுக்குப் பீய்ச்சி அடிக்கத் தொடங்கும். வாந்தியில் பாலோ தயிரோதான் இருக்கும். வாந்தி எடுத்த மறுகணமே மீண்டும் பசித்து அழும். நாள்தோறும் வேகம் கூடும், சிறுநீர் குறையும், எடை சரியும். இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லும் வாயிலில் உள்ள தசை தடித்து, வழியை அடைத்துக்கொள்வதே காரணம். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரக் குழந்தைகளிடம், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் நான்கைந்து மடங்கு மிகுதியாக, சிறப்பாகத் தலைச்சன் ஆண் பிள்ளைகளிடம் காணப்படுகிறது. பிறந்த இரண்டு வாரங்களுக்குள் எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் பச்சிளங்குழந்தைக்குப் பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கக் கூடாது என்கிறோம்.

வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தால் தடித்த தசை தெரிந்துவிடும். சிகிச்சை அறுவையே. ஆனால் உடனே அறுவை அரங்குக்குக் கொண்டு செல்வதில்லை. இடைவிடாத வாந்தியால் உடல் இழந்த நீரையும் உப்புகளையும் முதலில் சீர்செய்ய வேண்டும். அதற்கு ஓரிரு நாட்கள் ஆகலாம். "ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு ஏன் தாமதிக்கிறார்கள்?" என்று உறவினர் சினப்படுவது இக்கட்டத்தில்தான். உப்பு சீராகாத உடலில் மயக்க மருந்து கொடுப்பதே பேராபத்து. தாமதம் குழந்தையின் பாதுகாப்புக்காகவே. தடித்த தசையை மட்டும் நீளவாக்கில் கீறிவிட்டு உட்சவ்வைத் தொடாமல் விடும் முறையை ஜெர்மனியின் ராம்ஸ்டெட் 1912இல் வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் அடிப்படை அதுவே. அறுவைக்குப் பின் சில மணி நேரத்தில் தாய்ப்பால் தொடங்கலாம். நோய் மீண்டும் வருவது மிக அரிது.

பச்சை நிறம்

இக்கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிக்க நேரமிருப்போர் இதைப் படியுங்கள். கைக்குழந்தையின் வாந்தி பச்சை நிறத்தில் இருந்தால், அது ஒரே ஒரு முறையாயினும், குழந்தை அதன்பின் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், இரவு எந்நேரமாயினும், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

காரணத்தைக் கூறுகிறோம். பித்தநீர் இரைப்பைக்கு அப்பால், சிறுகுடலின் தொடக்கத்தில் வந்து கலப்பது. அது வாய்வழியே வருகிறது என்றால், அதற்குக் கீழே எங்கோ குடல் அடைபட்டிருக்கக்கூடும். கருவில் இருக்கும்போது குடல், வயிற்றுக்கு வெளியே தொப்புள்கொடிக்குள் வளர்ந்து, பத்தாம் வார அளவில் சுழன்றவாறே உள்ளே திரும்பி, தன் இடத்தில் அகலமாகப் பொருந்திக்கொள்கிறது. சில குழந்தைகளிடம் இச்சுழற்சி முழுமை பெறுவதில்லை. அப்போது குடல் முழுவதும் ஒரு குறுகிய காம்பில் தொங்கி நிற்கும். அக்காம்பு எந்நேரமும் முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கினால், குடலுக்குச் செல்லும் இரத்தக்குழாயும் சேர்ந்தே நெரிபடும். சில மணி நேரத்தில் சிறுகுடல் முழுவதும் அழுகிவிடக்கூடும். இவ்வாறு முறுக்கிக்கொள்ளும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறந்து ஒரு மாதத்துக்குள்ளேயே நோயுறுகின்றனர். தொடக்கத்தில் வயிறு உப்பியிராது, காய்ச்சல் இராது. பச்சை வாந்தி ஒன்றே அறிகுறியாக இருக்கலாம். வயிறு உப்பி, மலத்தில் இரத்தம் வந்தபின் வரும் குழந்தைக்கு எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. உரிய நேரத்தில் வந்த குழந்தைக்கோ, முறுக்கை அவிழ்த்துக் குடலைப் பாதுகாப்பாக வைக்கும் அறுவை உண்டு. அதை முறைப்படுத்திப் பாஸ்டன் நகரின் லேட் என்னும் மருத்துவர் 1936இல் வெளியிட்டார்.

நம் ஊரில் காலத்தாமதத்துக்கு ஒரு சொல்லே காரணமாகிவிடுகிறது. "பித்த வாந்தி" என்பது நம் பேச்சு வழக்கில் எளிய உபாதை. வெறும் வயிற்றில் பயணம் செய்த பெரியவருக்கு மஞ்சளாக வாந்தி வந்தால், "பித்தம் ஏறிவிட்டது, எலுமிச்சைச் சாறு குடி" என்போம்; அதுவும் சரியாகிவிடும். அதே சொல்லைப் பத்து நாள் குழந்தைக்கும் பயன்படுத்திவிடுகிறோம். "பித்தம்தானே" என்று ஓர் இரவு கழிகிறது. மறுநாள் "குடல் ஏறிவிட்டது" என்று வயிற்றைத் தடவிவிடுவோரிடமோ, "தொக்கம் எடுக்க வேண்டும்" என்று ஊதி எடுப்போரிடமோ கொண்டு செல்கின்றனர். அங்கு செல்வோரை நாங்கள் இகழவில்லை. அஞ்சிய மனம் அருகில் இருப்பவரையே நாடும். இயல்பாகக் கக்கும் குழந்தை அங்கு சென்றாலும் செல்லாவிட்டாலும் தானே சரியாகிவிடுவதால், அவர்கள் மீது நம்பிக்கையும் வளர்ந்துவிடுகிறது. ஆனால் முறுக்கிய குடலின் மேல் அழுத்தித் தடவினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி இரண்டு விளக்கங்கள் தேவை. பிறந்த முதல் சில நாட்களில் குழந்தை கக்குவது இளமஞ்சளாக இருந்தால், அது சீம்பாலின் நிறமாக இருக்கலாம். நாங்கள் அஞ்சுவது வேப்பிலையை அரைத்துப் பிழிந்தாற்போன்ற பச்சையை. ஐயமாக இருந்தால் துணியைத் துவைக்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். அல்லது பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று: பச்சையாக மலம் கழிப்பதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை அவ்வப்போது பச்சை நிறத்தில் மலம் கழிப்பது இயல்பே.

பிற காரணங்கள்

வாந்தி எப்போதும் வயிற்றிலிருந்தே தொடங்குவதில்லை. சிறுநீர்த் தொற்று, மூளைக்காய்ச்சல் முதலியனவும் கைக்குழந்தையிடம் வாந்தியாகவே முதலில் தலைகாட்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வாந்தியோடு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலும், உச்சிக்குழி புடைத்திருந்தாலும், எழுப்பினாலும் விழிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் உடனே வர வேண்டும். ஐந்து முதல் ஒன்பது மாத அளவில், நன்றாக விளையாடிய குழந்தை கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழுது, சிறிது நேரம் ஓய்ந்து, மீண்டும் அதேபோல் அழுது, வாந்தியும் எடுத்தால், குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கக்கூடும். இரத்தமும் சளியும் கலந்த மலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாந்தியோடு அரையில் கெட்டியான வீக்கம் தென்படினும் அவ்வாறே.

கக்கிய பாலில் சிறிது இரத்தம் தென்பட்டால் முதலில் தாயின் முலைக்காம்பில் வெடிப்பு உள்ளதா என்று பாருங்கள். பல வேளைகளில் குழந்தை விழுங்கியது தாயின் இரத்தமாகவே இருக்கும். ஆயினும் அதை முடிவு செய்யும் பொறுப்பை எங்களிடம் விட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கும் கக்கலும், ஓராண்டு கடந்தும் நிற்காத கக்கலும், எடை கூடாமல் தேங்கும் குழந்தையின் கக்கலும், பால் குடிக்கையில் முதுகை வில்லாக வளைத்து அழுது மறுக்கும் குழந்தையின் கக்கலும் பரிசோதனைக்கு உரியவை. இவற்றுக்கு ஓரிரு நாட்களுக்குள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தால் போதும்.

பச்சை வாந்தி எடுத்த குழந்தைக்கு, மருத்துவமனையை அடையும்வரை பாலோ நீரோ மருந்தோ எதுவும் கொடுக்க வேண்டாம். தோளில் நிமிர்த்தியோ ஒருக்களித்தோ பிடித்துக்கொண்டு, 108 ஊர்தியை அழைத்து, முடிந்தவரை குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். வரும்போது தாய் சேய் நல அட்டை, கொடுத்த மருந்துகளின் புட்டிகள், கறை படிந்த துணி ஆகியவற்றை எடுத்து வாருங்கள். கடைசியாகப் பால் குடித்த நேரம், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், முதல் வாந்தி எடுத்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பணியில் இருக்கும் மருத்துவர் முதலில் கேட்பவை அவையே.